லட்ச ரூபாய் லேப்டாப் தேவையா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஐம்பதாயிரத்துக்கும் லேப்டாப் இருக்கிறது, லட்சத்துக்கும் இருக்கிறது. கூடுதலாகக் கொடுக்கும் பணத்துக்கு என்னதான் கிடைக்கிறது? இந்த முறை வந்த கடிதங்கள் எல்லாம் இதைத்தான் வேறு வேறு விதமாகக் கேட்கின்றன. அவரவர் வேலை வேறு, அதனால் பதிலும் வேறு. ஆனால் ஓர் அளவுகோல் எல்லோருக்கும் பொருந்தும். வாங்கிய பிறகு மாற்ற முடியாத பாகத்துக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். பின்னால் மாற்றிக்கொள்ளக் கூடியதற்கு இன்றைக்கே அதிகம் கொடுக்க வேண்டியதில்லை.

மகள் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் சேருகிறாள். கடையில் ரூ.56,000-க்கு ஒன்றும் ரூ.98,000-க்கு ஒன்றும் காட்டினார்கள். இரண்டிலும் ஐ5, இரண்டிலும் 512 ஜிபி எஸ்எஸ்டி. விலை கூடியதில் ரேம் 16 ஜிபி, மற்றதில் 8. வெறும் ரேமுக்கா 42,000 ரூபாய்? தவணையில்தான் வாங்க வேண்டியிருக்கிறது.
— ஒரு தந்தை, நாமக்கல்

அந்த 42,000-இல் ரேமின் பங்கு சின்னது. மீதிப் பணம் திரை, பேட்டரி, உடல், எடை ஆகியவற்றில் போயிருக்கிறது. கடையில் ஒட்டியிருக்கும் விலைச்சீட்டில் இவை பெரிய எழுத்தில் வருவதில்லை. அதனால்தான் இரண்டும் ஒன்றுபோலத் தெரிகின்றன.

முதலில் பேட்டரி. இரண்டு மாடலுக்கும் வாட்-ஹவர், அதாவது பேட்டரியின் கொள்ளளவு, எவ்வளவு என்று கேளுங்கள். மலிவு மாடல்களில் பெரும்பாலும் 40-ஐ ஒட்டி இருக்கும், விலை கூடியவற்றில் 60 முதல் 75 வரை போகும். கோடிங், பிரவுசர், பிடிஎஃப் என்று ஓடும்போது சராசரியாக 9 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், 42 வாட்-ஹவர் பேட்டரி நாலரை மணி நேரம் வரும். 70 வாட்-ஹவர் ஏழே முக்கால் மணி நேரம் வரும். பேட்டரியின் கொள்ளளவு 20 சதவீதம் குறைந்த பிறகு முதலாவது மூன்றே முக்கால் மணிக்கு இறங்கிவிடும், இரண்டாவது ஆறு மணி நேரம் தாங்கும். காலையில் காலேஜ் பஸ் ஏறி மாலையில் வீடு திரும்பும் பிள்ளைக்கு இது பெரிய வித்தியாசம். வகுப்பறையில் எல்லோருக்கும் பிளக் பாயிண்ட் கிடைக்காது. மகள் ஹாஸ்டலில் தங்கி, மேஜைப் பக்கத்திலேயே பிளக் இருக்கும் என்றால் பேட்டரிக்காகக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை.

அடுத்தது திரை. விலை குறைந்த மாடலின் ஸ்பெசிபிகேஷனில் “250 நிட்ஸ், 45% என்டிஎஸ்சி” என்ற வரி இருந்தால், வெளிச்சமும் குறைவு, நிறமும் வெளிறியது என்று அர்த்தம். கடைக்குள் நின்று பார்த்தால் தெரியாது. வாசல் பக்கம் கொண்டுவந்து, வெளிச்சத்தில் ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திறந்து படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். எழுத்து மங்கினால் நான்கு வருடமும் கண்ணைச் சுருக்கித்தான் படிக்க வேண்டியிருக்கும். வெளிச்சம் 300 நிட்ஸுக்கு மேல், நிறம் 100% எஸ்ஆர்ஜிபி (படங்களுக்கும் இணையத்துக்கும் வழக்கமான நிற வரம்பு) என்று இருந்தால் போதும். விலை கூடிய ஓஎல்இடி திரைதான் வேண்டும் என்று மாணவிக்குக் கட்டாயம் எதுவும் இல்லை.

இனி ரேம். ஃபோன் செயலி எழுதும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவையும், அதைச் சோதிக்கும் எமுலேட்டரையும் ஒரே நேரத்தில் திறந்தால் 8 ஜிபி மூச்சுத் திணறும். ஆனால் 8 ஜிபி மாடலில் காலி ஸ்லாட் ஒன்று இருந்தால் பின்னால் இன்னொரு 8 ஜிபி போட்டுக்கொள்ளலாம். அப்போது ரேமுக்குப் போகும் பாதை ஒன்றுக்கு இரண்டாகி (இரட்டைச் சேனல்), ப்ராசசரோடு வரும் கிராபிக்ஸின் வேகமும் கூடும். ஸ்லாட் இருக்கிறதா என்று விற்பனையாளரின் வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம். கடையில் ஓடிக்கொண்டிருக்கும் டெமோ மெஷினில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ், மெமரி என்று போங்கள். “ஃபார்ம் ஃபேக்டர்” என்ற இடத்தில் எஸ்ஓ-டிம் என்று இருந்தால் கழற்றி மாட்டும் ரேம். “ரோ ஆஃப் சிப்ஸ்” என்று இருந்தால் போர்டிலேயே சால்டர் செய்தது. சில மாடலில் பாதி சால்டர், பாதி ஸ்லாட் என்றும் வரும். “ஸ்லாட்ஸ் யூஸ்டு” வரியையும் சேர்த்துப் பாருங்கள். முழுவதும் சால்டர் செய்த 8 ஜிபி மாடலை என்ன தள்ளுபடி கொடுத்தாலும் வாங்காதீர்கள். 2025 கடைசியிலிருந்து மெமரி விலை வேகமாக ஏறியிருப்பதால், பிறகு போட்டுக்கொள்ளலாம் என்ற கணக்கும் முன்புபோல மலிவில்லை. தனியாக ரேம் இன்று என்ன விலை என்று கேட்டு, அதையும் 56,000-உடன் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

என் முடிவு: இரண்டும் வேண்டாம். இந்த இரண்டு விலைக்கும் நடுவில் 16 ஜிபி ரேம், 100% எஸ்ஆர்ஜிபி திரை, 55 வாட்-ஹவருக்கு மேல் பேட்டரி, டைப்-சியில் சார்ஜ் ஆகும் வசதி நான்கும் சேர்ந்த மாடலைத் தேடுங்கள். பிளாஸ்டிக் உடலாக இருந்தாலும் பரவாயில்லை. 98,000 மாடலில் கூடுதலாகக் கிடைப்பது அலுமினிய உடலும் அரைக் கிலோ எடைக் குறைவும்தான். அதற்காகக் குடும்பம் தவணையில் திணற வேண்டாம். வட்டியில்லாத் தவணை என்று சொன்னாலும், பிராசசிங் கட்டணம், வட்டி மேல் ஜிஎஸ்டி, மொத்தமாகக் கொடுத்தால் கிடைத்திருக்கும் தள்ளுபடி மூன்றையும் எழுதிக் கூட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

ஐ7 என்றால் ஐ5-ஐவிட எப்போதும் வேகம்தானே? ஆறாயிரம் ரூபாய்தான் வித்தியாசம்.
— வாசகர், திருநெல்வேலி

அப்படி இல்லை. ஐ5, ஐ7 என்பதைவிட, ப்ராசசர் எண்ணின் கடைசியில் வரும் எழுத்துதான் முக்கியம். ஐ7-1355யூ என்பதில் பெரிய கோர் (ப்ராசசருக்குள் கணக்குப் போடும் பகுதி) 2, சின்ன கோர் 8. ஐ5-13500எச் என்பதில் பெரிய கோர் 4, சின்ன கோர் 8. எடுத்துக்கொள்ளும் மின்சாரமும் அதிகம். வீடியோ ரெண்டர் போல நீண்ட வேலையில் அந்த ஐ5 இந்த ஐ7-ஐ முந்திவிடும். யூ என்றால் பேட்டரியை மிச்சம் பிடிக்கும் ரகம், எச் என்றால் உழைக்கும் ரகம், அவ்வளவுதான்.

ஏஎம்டியின் ரைசன் ப்ராசசரில் இதைவிடக் கவனம் தேவை. 7520யூ, 7530யூ இரண்டும் ரைசன் 5 என்றே விற்கப்படுகின்றன. பார்வைக்கு ஓர் எண்தான் வித்தியாசம். அந்த மூன்றாவது எண்தான் உள்ளே இருக்கும் வடிவமைப்பைச் சொல்கிறது. 2 என்றால் ஜென் 2, அதாவது 2019-இல் வந்த வடிவமைப்பு. 3 என்றால் ஜென் 3. முதலாவதில் 4 கோர், இரண்டாவதில் 6. கடைக்காரரிடம் ரைசன் 5 என்று மட்டும் கேட்டால் பழையதும் உங்கள் கைக்கு வரலாம். பில்லில் முழு மாடல் எண்ணையும் எழுதச் சொல்லி வாங்குங்கள். ஆறாயிரத்தை ஐ7-க்குக் கொடுப்பதைவிட ரேமுக்கும் திரைக்கும் கொடுப்பது நல்லது.

கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறேன். என் லேப்டாப் திரையில் சரியாக இருக்கும் படம் லேபிலிருந்து பிரிண்டாகி வரும்போது முகம் ஆரஞ்சாகவும் புடவைச் சிவப்பு கொழகொழவென்றும் இருக்கிறது. ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு ஓஎல்இடி லேப்டாப் வாங்கினால் சரியாகுமா?
— ஸ்டுடியோ நடத்துபவர், கும்பகோணம்

கோளாறு லேபில் இல்லை, உங்கள் திரையில்தான். அது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் என்ன வாங்க வேண்டும் என்பதும் தெளிவாகிவிடும்.

45% என்டிஎஸ்சி திரையால் எஸ்ஆர்ஜிபி நிறங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைத்தான் காட்ட முடியும். அதிகம் அடிபடுவது சிவப்பு. கூரைப் புடவையின் அரக்குச் சிவப்பு அதில் செங்கல் நிறமாகத் தெரியும், குங்குமம் உயிரில்லாமல் இருக்கும். உங்கள் கண் அதை ஒப்புக்கொள்ளாது, சேச்சுரேஷனை ஏற்றுவீர்கள். 15, 20 என்று ஏற்றிய பிறகுதான் அந்தத் திரையில் புடவை புடவையாகத் தெரியும். ஆனால் ஃபைலில் ஏற்கெனவே சரியாக இருந்த சிவப்பு இப்போது அளவு மீறிப் போயிருக்கும். லேபின் பிரிண்டர் ஃபைலில் உள்ளதை அப்படியே அடிக்கும். சருமத்திலும் சிவப்பும் மஞ்சளும் கலந்திருப்பதால் புடவைக்கு ஏற்றியது முகத்திலும் ஏறி ஆரஞ்சாகிறது.

ஓஎல்இடி வாங்கினால் இதே தவறு தலைகீழாக நடக்கலாம். அந்தத் திரை எஸ்ஆர்ஜிபியைத் தாண்டிய நிறங்களையும் காட்டும். தயாரிப்பாளர் கொடுத்திருக்கும் டிஸ்பிளே மென்பொருளில் எஸ்ஆர்ஜிபி மோடு போடாமல் வேலை செய்தால், சாதாரணப் படமும் பளபளவென்று தெரியும். நீங்கள் குறைப்பீர்கள், பிரிண்ட் வெளிறி வரும். இன்னொரு கவலையும் உண்டு. ஃபோட்டோஷாப்பின் கருவிப்பட்டைகள் தினமும் எட்டு, பத்து மணி நேரம் ஒரே இடத்தில் நிற்கும். ஓஎல்இடியில் வருடக்கணக்கில் அப்படி நின்றால் தடம் பதிய வாய்ப்பிருக்கிறது. ஸ்டுடியோ வேலைக்கு நல்ல ஐபிஎஸ் திரையே (எல்சிடியில் ஒரு ரகம்) என் தேர்வு.

ஒன்றரை லட்சம் வேண்டாம். மண்டபத்துக்கு எடுத்துப்போய் வேலை செய்யும் தேவை இல்லையென்றால், இப்போதைய லேப்டாப்பை வைத்துக்கொண்டே 24 அங்குல, 100% எஸ்ஆர்ஜிபி ஐபிஎஸ் மானிட்டர் ஒன்றை எச்டிஎம்ஐயில் மாட்டுங்கள். கூடவே திரையின் நிறத்தை அளந்து சரிசெய்ய (கேலிபரேட் செய்ய) உதவும் கலரிமீட்டர் ஒன்று. தனியாக வாங்க முடியாவிட்டால் இரண்டு மூன்று ஸ்டுடியோக்கள் சேர்ந்து வாங்கிக்கொள்ளலாம். மாதம் ஒருமுறை, ஒயிட் பாயிண்ட் (வெள்ளையின் சாயல்) 6500 கெல்வின், வெளிச்சம் 100 முதல் 120 நிட்ஸ் என்று வைத்துக் கேலிபரேட் செய்யுங்கள். திரையை முழு வெளிச்சத்தில் வைத்து டிசைன் செய்கிறவர்களின் ஆல்பம்தான் பெரும்பாலும் இருட்டாகப் பிரிண்டாகி வரும். சோதிக்க ஒரு வழி: எந்தத் திருத்தமும் செய்யாத ஒரு கல்யாணப் படத்தை லேபில் கொடுத்து, அவர்கள் பக்கமும் திருத்தம் வேண்டாம் என்று சொல்லி, ஒரு பிரிண்ட் போட்டு வாங்குங்கள். அதைத் திரைக்குப் பக்கத்தில், பகல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இரண்டும் ஒத்துவந்தால் அன்றிலிருந்து திரையை நம்பலாம்.

லேப்டாப்பில் செலவு செய்ய வேண்டிய இடம் ரேம். 12×36 அங்குல ஆல்பம் ஷீட்டை 300 டிபிஐயில் திறந்தால் 3,600-க்கு 10,800 பிக்சல், அதாவது 3.88 கோடி பிக்சல். ஒரு முழு லேயருக்கு 110 எம்பிக்கு மேல் ஆகிறது. இருபது லேயர் போட்டால் ஒரு ஷீட்டுக்கு மட்டும் 2 ஜிபி தாண்டும். செய்த திருத்தங்களை நினைவில் வைக்கும் ஹிஸ்டரி தனி. நான்கைந்து ஷீட்டைத் திறந்துவைத்து வேலை செய்கிறவருக்கு 32 ஜிபி ஆடம்பரம் ஆகாது.

மூன்று வருடத்துக்குள் இரண்டு லேப்டாப்பிலும் மூடித் திறக்கும் ஹிஞ்ச் உடைந்துவிட்டது. சர்வீஸ் சென்டரில் கீழே போட்டிருப்பீர்கள் என்கிறார்கள். நாங்கள் போடவே இல்லை. விலை கூடியது வாங்கினால் உடையாதா?
— ஆசிரியை, தூத்துக்குடி

நீங்கள் சொல்வதை நம்புகிறேன். கீழே போடாமலே ஹிஞ்ச் உடையும். பெரும்பாலும் உடைவது இரும்பு ஹிஞ்ச் அல்ல, அதைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக்.

கீபோர்டு இருக்கும் மேல்பகுதியைக் கழற்றித் திருப்பினால், இரண்டு ஓரங்களிலும் விரல் நுனி அளவுக்குப் பிளாஸ்டிக் குமிழ்கள் தெரியும். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சின்னப் பித்தளை நட்டு, சூடாக்கி உள்ளே அழுத்திப் பதித்தது. ஹிஞ்சின் ஸ்க்ரூக்கள் அந்த நட்டுகளில்தான் முறுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு முறை திரையைத் திறக்கும்போதும் ஹிஞ்ச் எதிர்க்கும். அந்த எதிர்ப்பு முழுவதும் இந்தக் குமிழ்களை மேல்நோக்கி இழுக்கும். புதிதில் தாங்கும். நாளடைவில் ஹிஞ்சில் உள்ள கிரீஸ் வறண்டு இறுகும்போது இழுப்பு கூடும். குமிழில் மயிரிழை விரிசல் விழும், ஒருநாள் நட்டு பெயர்ந்து வந்துவிடும். 15.6 அங்குலத் திரையை ஒரு மூலையைப் பிடித்தே திறக்கும் பழக்கம் இருந்தால், பாரம் ஒரு பக்க ஹிஞ்சிலேயே விழுந்து அந்தப் பக்கம் சீக்கிரம் போகும். மூடியின் மேல்விளிம்பின் நடுவில் பிடித்துத் திறக்க வேண்டும்.

முன்னறிகுறி உண்டு. திறக்கும்போது “டக்” என்று ஒரு சத்தம், மூலையில் மேல்பாகமும் கீழ்பாகமும் பிரிந்து நகம் நுழையும் அளவு இடைவெளி. அதைக் கண்டதும் திறந்து மூடுவதை நிறுத்திவிட்டுக் கடைக்குக் கொண்டுபோங்கள். ஹிஞ்சின் முனையில் இருக்கும் நட்டைக் கால் சுற்று தளர்த்தினாலே இழுப்பு குறைந்து பல வருடம் ஓடும். அந்த நிலையிலேயே சரிசெய்தால் சமாளிக்கலாம். கவனிக்காமல் விட்டால் திரை கேபிள் நசுங்கும், வைஃபை வயர் அறும், கடைசியில் திரையிலேயே விரிசல் விழும். உடைந்த குமிழைப் பசை போட்டு ஒட்டுவது சில மாதம் தாங்கும். மேல்பாகத்தை முழுதாக மாற்றுவதே சரியான வேலை.

விலை கூடிய மாடலில் இது குறையுமா என்றால், உடல் உண்மையிலேயே உலோகமாக இருந்தால் குறையும். ஸ்க்ரூ உலோகத்தில் இறங்கும்போது குமிழ் பெயரும் பிரச்சினையே எழாது. ஆனால் மெட்டல் பாடி என்று சொல்லி விற்கும் பலவற்றில் மூடியின் வெளிப்புறம் மட்டும்தான் அலுமினியம்; கீபோர்டு தட்டும் அடிப்பாகமும் பிளாஸ்டிக். கீபோர்டு ஓரத்தில் உள்ளங்கை வைக்கும் இடத்தைத் தொட்டுப் பாருங்கள். ஏசிக் கடையில் உலோகம் சட்டென்று குளிரும், பிளாஸ்டிக் குளிராது. கீபோர்டின் நடுவில் விரலால் அழுத்தினால் பள்ளம் விழக் கூடாது. ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கினால் நெளியக் கூடாது. மில்-எஸ்டிடி-810எச் என்ற முத்திரையை மட்டும் வைத்து நம்பிவிடாதீர்கள். அது சோதனை முறைகளின் தொகுப்பு. எந்தெந்தச் சோதனை செய்வது என்பதை நிறுவனமே தேர்ந்தெடுக்கிறது, ஹிஞ்ச் அதில் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

வாரண்டிக்குள் முதல் சத்தம் கேட்டவுடனே, உடல் பிரிவதற்கு முன்பே, தேதி தெரியும்படி படமும் வீடியோவும் எடுத்து மின்னஞ்சலில் புகார் பதியுங்கள். விழுந்த தடம் எங்கும் இல்லை என்பதை அந்தப் படம் காட்டும். பிரிந்த பிறகு போனால்தான் “பிசிக்கல் டேமேஜ்” என்று சொல்ல இடம் கிடைக்கிறது.

பனியன் ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிறேன். டேலி, ஜிஎஸ்டி, பேங்க் வேலைதான். மேக்புக் ஏர் நீண்ட நாள் வரும் என்று நண்பர் சொல்கிறார். வாங்கலாமா?
— தொழில்முனைவோர், திருப்பூர்

நீண்ட நாள் வரும் என்பது உண்மை. விசிறியே இல்லாத மெஷின், பேட்டரி நாள் முழுக்க நிற்கும். ஆனால் உங்கள் வேலைக்கு அது பொருந்தாது. கணக்கு மென்பொருளான டேலிபிரைம் விண்டோஸுக்கானது. மேக்கில் ஓட்ட உள்ளே இன்னொரு விண்டோஸை ஏற்ற வேண்டும். அதற்குத் தனி மென்பொருள் வேண்டும். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் மாட்டும்போது அந்த விண்டோஸில் டிரைவர் தகராறு வரலாம். 20-ஆம் தேதி ஜிஎஸ்டி 3பி படிவம் தாக்கல் செய்யும் நாளில் இந்தத் தலைவலி உங்களுக்கு வேண்டாம்.

இன்னொன்றையும் பாருங்கள். 13, 14 அங்குல பிரீமியம் மாடல்களில் நம்பர் பேடு இருப்பதில்லை. நாள் முழுக்கப் பில் என்ட்ரி போடும் கைக்கு அது பெரிய குறை. நம்பர் பேடு உள்ள 15.6 அல்லது 16 அங்குல மாடல் வாங்குங்கள். ஐ5 யூ ரகமே போதும், ரேம் 16 ஜிபி. மிச்சமாகும் பணத்தை மூன்று வருட ஆன்சைட் வாரண்டிக்குக் கொடுங்கள். கேரி-இன் என்றால் நீங்கள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போக வேண்டும், பாகம் வரும்வரை மெஷின் அங்கேதான். ஆன்சைட் என்றால் ஆள் உங்கள் யூனிட்டுக்கு வருவார். நிறுவனங்களுக்காக விற்கும் வரிசைகளில், அதாவது திங்க்பேட், டெல் புரோ (முன்பு லேட்டிட்யூட்), புரோபுக் போன்றவற்றில், இந்த வாரண்டியைச் சேர்த்து வாங்குவது எளிது. மூன்று வருட வாரண்டி வாங்கினாலும் பேட்டரிக்குப் பெரும்பாலும் ஒரு வருடம்தான். அதை எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பில்லில் உங்கள் ஜிஎஸ்டி எண் இருக்கட்டும். ரூ.82,600-க்கு வாங்கினால் அதில் ரூ.12,600 வரி, உள்ளீட்டு வரி வரவாக அது திரும்ப வரும், உங்களுக்கு அடக்கம் 70,000. வருமான வரியில் கம்ப்யூட்டருக்குத் தேய்மானம் 40 சதவீதம், அந்த 70,000-க்குத்தான். வாங்கிய ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் அதில் பாதி.

மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு. 3டி டிசைன் மென்பொருளான சாலிட்வொர்க்ஸ் ஓட்ட வேண்டும். ஆர்டிஎக்ஸ் 4050 போட்ட கேமிங் லேப்டாப் ரூ.82,000, அதே 4050 போட்ட மெல்லிய மாடல் ரூ.1,25,000. விலை கூடியதுதானே நல்லது?
— மாணவர், கோவை

உங்கள் வேலைக்குக் கேமிங் மாடல்தான் நல்லது. லேப்டாப்பில் வரும் 4050 கிராபிக்ஸ் சிப்புக்கு 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எவ்வளவு மின்சாரம் கொடுப்பது என்பதைத் தயாரிப்பாளர் முடிவு செய்கிறார். மெல்லிய உடலில் சூடு வெளியேற இடம் குறைவு, அதனால் வாட்டைக் குறைத்துவிடுவார்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் வேகம் ஒன்றல்ல. என்விடியா கண்ட்ரோல் பேனலில் ஹெல்ப், சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று போனால் “மேக்சிமம் கிராபிக்ஸ் பவர்” என்று ஒரு வரி வரும். இரண்டு மெஷினிலும் அதைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். கேமிங் மாடலில் நீங்கள் சுமக்கப்போவது இரண்டு கிலோவுக்கு மேல் எடையும் செங்கல் போன்ற சார்ஜரும். பேட்டரியில் சாலிட்வொர்க்ஸ் நீண்ட நேரம் ஓடாது. வருடத்துக்கு ஒருமுறை விசிறித் தூசியைச் சுத்தம் செய்யாவிட்டால் சூடேறி வேகம் குறையும். மெஷின் பழசாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வீர்கள்.

புதிதாக ரூ.35,000-க்கு வாங்குவதைவிட, சென்னை ரிச்சி தெருவில் கம்பெனிகளிலிருந்து வந்த பழைய பிரீமியம் லேப்டாப் அதைவிடக் குறைவாகக் கிடைக்கிறது. நம்பி வாங்கலாமா?
— வாசகர், செங்கல்பட்டு

வாங்கலாம். 35,000 ரூபாய்ப் புது மெஷினைவிட நல்ல உடலும் கீபோர்டும் கிடைக்கும். ஆனால் மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்த்து வாங்குவதுபோல உட்கார்ந்து பார்த்து வாங்க வேண்டும். அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

ப்ராசசர் எந்தத் தலைமுறை என்பதை முதலில் பாருங்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் 8-ஆம் தலைமுறையாவது வேண்டும். இன்றைக்கு வாங்குவதானால் 11-ஆம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள். அதில் அதிகம் கைமாறும் மாடல்களுக்குள்ளும் வித்தியாசம் உண்டு. லேட்டிட்யூட் 5420, எலைட்புக் 840 ஜி8 இரண்டிலும் இரண்டு ரேம் ஸ்லாட். திங்க்பேட் டி14 இரண்டாம் ஜெனரேஷனில் பாதி சால்டர், ஒரு ஸ்லாட். லேட்டிட்யூட் 7420 அழகானது, எடை குறைந்தது, ஆனால் ரேம் முழுக்கச் சால்டர். 8 ஜிபி 7420-ஐ 16 ஆக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். திரை விஷயத்தில் கம்பெனி மாடல் என்றாலே நல்லது என்று எண்ண வேண்டாம். மொத்தமாக வாங்கும் நிறுவனங்கள் பல நேரம் மலிவான 250 நிட்ஸ் திரையைத்தான் எடுத்திருக்கும்.

கடைக்காரர் எதிரிலேயே விண்டோஸை ரீசெட் செய்து, உங்கள் ஃபோன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, முதல் அமைப்பைச் செய்யச் சொல்லுங்கள். ஏதாவது ஒரு கம்பெனியின் பெயரோடு அலுவலக லாகின் கேட்டால், அந்த மெஷின் இன்னும் பழைய நிறுவனத்தின் பதிவில் இருக்கிறது. அவர்கள் விடுவிக்காமல் அது முழுதாக உங்களுடையது ஆகாது. பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்பு) போய்ப் பாருங்கள். பாஸ்வேர்டு கேட்டாலும் வேண்டாம். பழைய மேக்புக் என்றால் முந்தையவரின் ஆப்பிள் கணக்குப் பூட்டு போயிருக்கிறதா என்று இதே முறையில் பார்க்க வேண்டும்.

பேட்டரிக்கு: கமாண்ட் பிராம்ப்ட்டில் பவர்சிஎஃப்ஜி என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு, அதை ஒட்டி பேட்டரிரிப்போர்ட் என்று ஒரே சொல்லாக ஆங்கிலத்தில் அடியுங்கள். யூசர் ஃபோல்டரில் ஓர் அறிக்கை உருவாகும். அதில் “டிசைன் கெப்பாசிட்டி”யையும் “ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி”யையும் ஒப்பிடுங்கள். 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் புது பேட்டரியின் விலையைக் கழித்துப் பேசுங்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளைப் போட்டால் எஸ்எஸ்டியின் ஆரோக்கியமும் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்பதும் வரும். எஸ்எஸ்டி, பேட்டரி, ரேம் எல்லாம் மாற்றக் கூடியவை. அவை சுமாராக இருந்தால் பேரம் பேசலாம். மதர்போர்டு பழுது பார்த்ததாக இருந்தால் பேரமே வேண்டாம். அடிமூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்; மறைக்க ஒன்றும் இல்லாதவர் தயங்க மாட்டார். ஸ்க்ரூத் தலை தேய்ந்து, போர்டில் பழுப்பாகப் பசைக் கறை தெரிந்தால் சால்டர் வேலை நடந்திருக்கிறது. இரண்டு டைப்-சி போர்ட்டிலும் சார்ஜரை மாட்டி, பிளக்கை லேசாக ஆட்டிப் பாருங்கள். சார்ஜ் விட்டுவிட்டு வரக் கூடாது. திரையில் முழு வெள்ளைப் பக்கம், பிறகு முழுக் கறுப்பு. நோட்பேடில் ஒவ்வொரு கீயையும் ஒருமுறை தட்டுங்கள்.

சிங்கப்பூரிலிருந்து மாமா வரும்போது பிரீமியம் லேப்டாப் ஒன்று வாங்கி வரச் சொல்லலாமா? அங்கே விலை குறைவு என்கிறார்கள்.
— வாசகி, காரைக்குடி

விலையை ஒப்பிடும்போது அங்கே கொடுக்கும் 9 சதவீத ஜிஎஸ்டியையும் சேர்த்துப் பாருங்கள்; அங்கேயே வசிப்பவருக்கு விமான நிலையத்தில் அது திரும்பக் கிடைக்காது. 18 வயது நிறைந்த பயணி ஒரு லேப்டாப்பைச் சுங்க வரியில்லாமல் கொண்டுவரலாம். மேக் என்றால் ஒரு வருட வாரண்டி இங்கேயும் செல்லும். மற்ற நிறுவனங்களில் மாடலுக்கு மாடல் மாறும். வாங்கும் முன் அந்த மாடலின் வாரண்டி இந்தியாவில் உண்டா என்று நிறுவனத்தின் இந்திய எண்ணிலேயே கேட்கச் சொல்லுங்கள். பத்தாயிரத்துக்கும் குறைவான லாபம் என்றால் இங்கேயே வாங்குவது நிம்மதி. சார்ஜரின் பின் அங்கே செவ்வகமாக இருக்கும். அடாப்டர் செங்கலை மாற்ற வேண்டாம், அதிலிருந்து சுவருக்குப் போகும் ஒயரை மட்டும் இங்கே வாங்கி மாட்டினால் போதும்.